பிரெஞ்சு எழுத்தின் கோடுகளைத் தானாகப் போடும் மென்பொருள்: எதுவரை நம்பலாம்?

பட்டறைக்கிராணி | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. எங்கள் ஆட்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். செம்பனை ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் அலுவலக வேலை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஐவரி கோஸ்ட், கேமரூன் பக்கம். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய்ப் பிரெஞ்சு படித்தேன். அதனால் விலைப்பட்டியல், கடிதம், இயந்திரத்தில் பொருத்தும் தகடு, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

தட்டச்சுதான் சிக்கல். பிரெஞ்சில் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் குறிகள் உண்டு. பேச வசதியாக நான் வைத்திருக்கும் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன்: வலப்பக்கம் ஏறினால் ஏறுகோடு, இறங்கினால் இறங்குகோடு, தொப்பி மாதிரி இருப்பது கூரை, அப்புறம் இரட்டைப்புள்ளி, சி எழுத்துக்கு அடியில் தொங்குவது வால். என் மடிக்கணினியில் இருப்பது சாதாரண ஆங்கில விசைப்பலகை. ஒவ்வொரு குறியையும் தேடிப் போட்டால் ஒரு கடிதத்துக்கே காலை முழுதும் போய்விடும்.

போன மாதம் இணையத்தில் ஒரு கருவி கிடைத்தது. குறியில்லாமல் எழுதி ஒட்டினால் நொடியில் எல்லாக் குறியையும் போட்டுத் தருகிறது. சந்தோஷமாக ஒரு பிழிபொறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தகடு வாசகங்களை அதில் போட்டு எடுத்து, பட்டறையில் செதுக்கக் கொடுத்தேன். எவர்சில்வர் தகட்டில் எழுத்தை வெட்டிக் கறுப்பு மை நிரப்பி ஆறு தகடு தயார். பெட்டியில் அடுக்கும்போது கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். பச்சைப் பொத்தானுக்குக் கீழே 'மார்ஷ்' என்று இருக்க வேண்டும். இயந்திரம் ஓடட்டும் என்று பொருள். கருவி கடைசி ஈ மேல் ஒரு ஏறுகோடு போட்டு 'மார்ஷே' ஆக்கியிருந்தது. மார்ஷே என்றால் சந்தை. பச்சைப் பொத்தானில் 'சந்தை', சிவப்புப் பொத்தானில் 'நிறுத்து'. ஆறையும் திரும்ப வெட்டினோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தட்டத் தட்டத் தானாகக் குறி விழ வேண்டும், ஆனால் இந்த மாதிரி நடக்கக் கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்.

கிள்ளான்_கணினி | செவ்வாய், இரவு 9:50

தங்கச்சி, தானியங்கி எல்லாம் எதற்கு? விண்டோஸில் 'யுஎஸ் இன்டர்நேஷனல்' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிமேற்கோளைத் தட்டி ஈ தட்டினால் ஏறுகோட்டு ஈ. இடக்கோடியில் சாய்ந்த குறி இருக்கிறதே, அதைத் தட்டி ஈ தட்டினால் இறங்குகோடு. தனிமேற்கோளும் சி-யும் சேர்ந்தால் வால் வைத்த சி.

ஆத்திர அவசரத்துக்கு ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 130 அடித்தால் ஏறுகோட்டு ஈ, 138 இறங்குகோட்டு ஈ, 133 இறங்குகோட்டு ஏ, 135 வால் வைத்த சி. இந்த நாலு எண்ணை மானிட்டரில் ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடியும்.

பட்டறைக்கிராணி | புதன், மதியம் 1:05

அண்ணே, நன்றி. காலையிலேயே போட்டுப் பார்த்தேன். ஏறுகோடு சுலபமாக வருகிறது. ஆனால் பிரெஞ்சில் தனிமேற்கோள் இல்லாத வரியே கிடையாது. ஐவரி கோஸ்டின் பிரெஞ்சுப் பெயர் கோத் திவுவார். அதில் டி-க்குப் பிறகு தனிமேற்கோள், உடனே பெரிய ஐ. தட்டினால் மேற்கோள் மறைந்து ஐ-யின் தலையில் ஒரு ஏறுகோடு நிற்கிறது! 'லோ' (தண்ணீர்) எழுதினால் அங்கேயும் மேற்கோள் அடுத்த ஈ மேல் ஏறிக்கொள்கிறது. ஆனால் 'லுயில்' (எண்ணெய்) மட்டும் சரியாக வருகிறது, ஏனென்றால் மேற்கோளுக்கு அடுத்து வருவது எச். ஒரு இடத்தில் சரி, இன்னொரு இடத்தில் தப்பு என்றால் கை குழம்பிப்போகிறது.

கிள்ளான்_கணினி | புதன், மதியம் 1:31

ஆமாம், அங்கே மேற்கோளுக்குப் பிறகு ஒரு இடைவெளி தட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

புதுவைத்தம்பி | புதன், மாலை 6:20

அக்கா, நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உங்களுக்குக் கனடாவின் 'பன்மொழித் தரம்' விசைப்பலகை பொருந்தும். விண்டோஸிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கேள்விக்குறி சாவி ஏறுகோட்டு ஈ ஆகிவிடும், தனிமேற்கோள் சாவி இறங்குகோட்டு ஈ. ஷிஃப்ட் பிடித்தால் அவற்றின் பேரெழுத்து. தனிமேற்கோள் காற்புள்ளி சாவிக்கு மேலே போய்விடுவதால் கோத் திவுவார் ஒழுங்காக வரும். கேள்விக்குறி 6-க்கு மேலே இருக்கும். ஒரு வாரம் பழகினால் போதும்.

பிரான்ஸின் சொந்த விசைப்பலகை வேண்டாம். அதில் எழுத்துகளின் இடமே வேறு, முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். அதோடு, விண்டோஸில் அந்த விசைப்பலகையில் பேரெழுத்து ஈ மேல் ஏறுகோடு போட நேர்வழியே இல்லாமல் பல காலம் ஓட்டினார்கள். இந்த விசைப்பலகையில் பிரெஞ்சைப் பிழையில்லாமல் எழுதுவது ஏறத்தாழ முடியாத காரியம் என்று 2016-இல் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சகமே சொன்னது. 2019-இல் புதிய தரம் வெளியிட்டார்கள்.

இன்னொன்று. உங்களுக்கு வந்த 'ஏறுகோட்டு ஐ' என்ற எழுத்து பிரெஞ்சில் இல்லவே இல்லை. ஏறுகோட்டு ஏ-யும் இல்லை. ஏறுகோடு ஈ மேல் மட்டும்தான் ஏறும். ஆகவே கடிதத்தை அனுப்பும் முன் அந்த இரண்டையும் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அங்கே ஒரு மேற்கோள் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஷாஆலம்_மாணவன் | புதன், இரவு 8:02

ஒரு சந்தேகம். தகட்டில் எல்லாம் பேரெழுத்துதானே? பேரெழுத்துக்குக் குறி தேவையில்லை என்று படித்த ஞாபகம். குறியே போடாமல் விட்டிருந்தால் அந்தத் தொல்லையே வந்திருக்காதே?

புதுவைத்தம்பி | புதன், இரவு 8:40

தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கம் அது, தம்பி. பொறியில் அந்த எழுத்து இல்லை, அதனால் விட்டார்கள். பேரெழுத்தானாலும் குறிக்கு முழு மதிப்பு உண்டு, போட வேண்டும் என்பதுதான் பிரெஞ்சு மொழிக்கு அதிகாரபூர்வ அமைப்பான பிரெஞ்சு அகாதமியின் நிலைப்பாடு. அக்காவின் தகட்டிலேயே பாருங்கள். 'நிறுத்து' என்பதற்கு 'அரே'. அதில் ஈ மேல் கூரை வேண்டும். மார்ஷுக்கு எதுவும் கூடாது. ஒன்றுக்கு வேண்டும், பக்கத்தில் உள்ளதற்குக் கூடாது. படிக்கிறவர் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி. அவரை ஊகிக்க விடக் கூடாது.

கூரைக்கு ஒரு கதை உண்டு. பல சொற்களில் முன்பு எஸ் எழுத்து இருந்தது, ஒலி தேய்ந்து மறைந்தது. அகாதமியின் 1740-ஆம் ஆண்டு அகராதி அந்த எஸ்-ஐ எடுத்துவிட்டுக் கூரை வைத்தது. ஃபாரஸ்ட், ஹாஸ்பிடல் என்று ஆங்கிலத்தில் எஸ் இருக்கும் இடங்களில் பிரெஞ்சில் கூரையைப் பார்க்கலாம். 'அரே'யும் அதே கணக்கு. அரெஸ்ட் என்ற சொல்லை நினைத்தால் கூரை மறக்காது.

லயத்துவீடு | வியாழன், காலை 7:15

அம்மா, உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் அப்பா அந்தப் பக்கத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நம் நாட்டில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டது உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். பெயரே நம் தமிழ்ப் பெயர். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. மரத்தின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு நாலே நாலு கன்று வந்தது. இப்போது உங்கள் பட்டறைச் சாமான் அதே ஆப்பிரிக்காவுக்கு, அதே பிரெஞ்சில் கடிதம் எழுதிப் போகிறது. படிக்கும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது.

நானும் கொஞ்சம் பிரெஞ்சு படித்தேன். ரப்பருக்குக் 'கவுச்சு', அதில் ஒரு குறியும் இல்லை. ரப்பர் மரத்துக்கு 'ஏவேயா', அதில் இரண்டு ஏறுகோடு. செம்பனைக்கு 'பால்மியே ஆ உயில்'. நடுவில் இருக்கும் ஆ ஒற்றை எழுத்து ஏ, அதன் மேல் இறங்குகோடு. கோடு விழாமல் போனால் 'இருக்கிறது' என்ற வினைச்சொல் ஆகிவிடுகிறது, வாக்கியம் முறிந்துபோகும்.

பட்டறைக்கிராணி | வியாழன், மதியம் 1:10

ஐயா, தென்னமரம் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு! இது தெரியாமலே இத்தனை வருடம் போயிருக்கிறேன். நன்றி ஐயா.

நீங்கள் சொன்ன அந்த ஒற்றை எழுத்துதான் என்னை அதிகம் படுத்துகிறது. கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலி ஒன்றுதான், ஒரு கடிதத்தில் இருபது தடவை வருகிறது.

ஓலைவாசகர் | வியாழன், இரவு 9:30

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிரெஞ்சு தெரியாது. ஆனால் இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி பட்டால் ஓலை கிழியும். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். 'எரி'யா 'ஏரி'யா, 'கொடு'வா 'கோடு'வா என்பதை முன்பின் சொற்களை வைத்துப் படிக்கிறவர்தான் முடிவு செய்வார். வீரமாமுனிவர் இந்த நெடில்களுக்குத் தனி வடிவம் தந்த பிறகுதான் அந்தத் தடுமாற்றம் தீர்ந்தது. குறியில்லாமல் தட்டிவிட்டு மென்பொருளிடம் கொடுப்பது, ஓலையை ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது போலத்தான். படிக்கிறவருக்குப் பட்டறை விஷயம் தெரியாவிட்டால் சந்தை என்றுதான் படிப்பார்.

இன்னொரு பக்கம், தானாகக் குறி போடுவதில் நமக்கு நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். ங-வும் க-வும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஏன் அது தப்புவதில்லை? தமிழில் அந்தச் சேர்க்கை வந்தால் ஏறக்குறைய எப்போதும் புள்ளிதான். விதிவிலக்குக்கும் வழி வைத்தார்கள். 'பப்பாளி' எழுத வேண்டுமானால் முதல் ப-வுக்குப் பின் ஒரு அ தட்டிவிட்டால் புள்ளி விழாது. பிரெஞ்சிலும் 'இப்படி வந்தால் எப்போதும் இதுதான்' என்ற இடங்கள் இருக்குமே, அவற்றை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன?

நிரலன்_ஈப்போ | வெள்ளி, இரவு 12:20

ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே செய்து பார்க்க உட்கார்ந்து நேரம் போனதே தெரியவில்லை.

லிப்ரஆபிஸோடு வரும் பிரெஞ்சுப் பிழைதிருத்திச் சொற்பட்டியலை எடுத்து விரித்தேன். எல்லாச் சொல்லிலும் குறிகளை நீக்கினேன். நீக்கிய பின் ஒரே மாதிரி ஆகிவிடும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தேன். ஒரு கூட்டத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது, அதில் குறி இருக்கிறது என்றால் அதைப் பயமில்லாமல் தானாக மாற்றலாம். கொதிகலன் (ஷோதியேர்), ஏற்கனவே (தேழா), மிகவும் (த்ரே), பாதுகாப்பு (செக்யூரிதே), இதெல்லாம் இந்த வகை. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் தொடக் கூடாது. கோத் திவுவாரின் 'கோத்' இருக்கிறதே, சி-ஓ-டி-ஈ, அந்த நாலு எழுத்தில் நாலு சொல்: குறியே இல்லாதது ஒன்று, கூரை மட்டும், ஏறுகோடு மட்டும், இரண்டும் சேர்ந்தது ஒன்று. மதிப்பீடு, கடற்கரை, மதிப்பிடப்பட்ட, பக்கம். இதை எந்த இயந்திரமும் வாக்கியத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது. பக்கத்துச் சொற்களை வைத்துத் தீர்மானிக்கும் முறையை கணினி மொழியியல் ஆய்வாளர் டேவிட் யாரோவ்ஸ்கி 1994-லேயே பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் செய்து காட்டியிருக்கிறார். வாக்கியத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். தகட்டில் ஒரே சொல், பக்கத்தில் பார்க்க எதுவுமில்லை. அக்காவுக்கு நடந்தது அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். தமிழ்99-இன் இரட்டை எழுத்து விதிக்கு நிகராக பிரெஞ்சில் ஒன்று கிடைத்தது. இரண்டு ஈ அடுத்தடுத்து வந்தால் முதல் ஈக்கு ஏறுகோடு! ஆண்டு (அனே), அனுப்பப்பட்ட, செலுத்தப்பட்ட என்று பெண்பாலில் முடியும் வடிவங்கள், உண்மையான (ரேயெல்), உருவாக்கு (க்ரேயே), எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. மாறுபடுவது மீட்டிங், வீக்எண்ட், ஜீப் மாதிரி வந்தேறிச் சொற்கள்தான்.

செய்யும் முறை: ஆட்டோஹாட்கீ என்ற இலவச நிரலை நிறுவுங்கள். ஒரு வரிக்கு ஒரு சொல். முதலில் இரண்டு முக்காற்புள்ளி, குறியில்லாத சொல், மறுபடி இரண்டு முக்காற்புள்ளி, குறி போட்ட சொல். அவ்வளவுதான். சொல்லைத் தட்டி இடைவெளி விட்டதும் மாறும். முதலெழுத்து பேரெழுத்தானால் மாற்றிய சொல்லும் அப்படியே வரும். இரண்டு ஈ விதிக்கு முதல் இரண்டு முக்காற்புள்ளிக்கு நடுவே நட்சத்திரக்குறியும் கேள்விக்குறியும் போடுங்கள். அப்போது சொல்லின் நடுவிலும், உடனேயும் மாறும்.

பட்டறைக்கிராணி | சனி, காலை 11:45

நிரலன், அருமை! உடனே போட்டேன். ஆனால் ஏறுகோட்டு ஈ வர வேண்டிய இடத்தில் எல்லாம் தலையில் அலைக்கோடு போட்ட பெரிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் சி, அந்தக் காப்புரிமைக் குறி, இரண்டும் வருகிறது. அப்புறம், மலாயில் கடிதம் எழுதினேன், 'கெஎம்பாட்' (நான்காவது) என்ற சொல்லிலும் ஏறுகோடு விழுந்துவிட்டது.

நிரலன்_ஈப்போ | சனி, மதியம் 12:10

முதலாவது, நீங்கள் பழைய 1.1 பதிப்பு வைத்திருக்கிறீர்கள். கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக 'யுடிஎஃப்-8, பிஓஎம் உடன்' என்று தேர்ந்தெடுங்கள், அல்லது 2-ஆம் பதிப்புக்கு மாறுங்கள். ஏறுகோட்டு ஈ யுடிஎஃப்-8-இல் இரண்டு பைட். அதைப் பழைய முறையில் படித்தால் இரண்டு தனி எழுத்தாகத் தெரியும்.

இரண்டாவதற்கு ஒரு சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தட்டினால் மாற்றம் நிற்கும், மறுமுறை தட்டினால் தொடங்கும். மூன்று மொழியில் எழுதும் நமக்கு அது இல்லாமல் முடியாது.

பட்டறைக்கிராணி | சனி, இரவு 10:05

இரண்டும் சரியாகிவிட்டது. இன்று பொழுது முழுக்கப் பட்டியலோடு உட்கார்ந்தேன். பெரிய பட்டியலை அப்படியே போடாமல், போன வருடக் கடிதங்களை எடுத்து அதில் வந்த சொற்களை மட்டும் சேர்த்தேன். 140 சொல் வந்தது. குலைக்கு 'ரெழீம்', குலை உதிர்ப்பானுக்கு 'எக்ரப்புவார்', உதிரிப் பாகத்துக்கு 'பியெஸ்', இதெல்லாம் உள்ளே. கட்டுப்பாட்டுக்கு 'கொந்த்ரோல்' சேர்க்கப் போய் நிறுத்திவிட்டேன். கடைசி ஈ மேல் ஏறுகோடு விழுந்தால் 'சரிபார்க்கப்பட்டது' ஆகிவிடும். மார்ஷ் கதையேதான்.

'மெம்' (அதே) என்ற சொல்லைச் சேர்க்கலாமா? கூரை போட வேண்டும், தினமும் வருகிறது. ஆனால் நிரலனின் கணக்கில் அது சந்தேகக் கூட்டத்தில் இருக்கிறது.

புதுவைத்தம்பி | ஞாயிறு, காலை 9:20

அதே எழுத்துகளில் இரண்டு ஏறுகோடு போட்டால் 'மேமே', பாட்டி என்று செல்லமாக அழைப்பது. பிழிபொறி விலைப்பட்டியலில் பாட்டி வர வாய்ப்பில்லை, தாராளமாகச் சேருங்கள். மீனவரும் பாவியும் இப்படித்தான், மீனவருக்குக் கூரை, பாவிக்கு ஏறுகோடு. கடலூர்க்காரர் எழுதினால் எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக அகராதிக் கணக்கு மட்டும் போதாது, உங்கள் மேசையில் வரும் கடிதமும் முக்கியம்.

சேர்க்கவே கூடாதது, ஈ-ஆர் என்று முடியும் வினைகளின் கடைசி ஈ. பிரெஞ்சு வினைகளில் பெரும்பாலானவை அந்த வகை. ஒவ்வொன்றிலும் 'செய்கிறார்', 'செய்யப்பட்டது' இரண்டும் அந்த ஒரு கோட்டில்தான் பிரியும். 'ப்ரீ ஃபிக்ஸ்' என்றால் பேரமில்லாத விலை. 'ப்ரீ ஃபிக்ஸே' என்றால் முடிவு செய்யப்பட்ட விலை. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதைக் கையால் போடுங்கள். கனடா விசைப்பலகையில் அது ஒரே சாவிதானே.

ஒற்றை எழுத்து ஏ-க்கு எங்கள் ஆசிரியை சொல்லித் தந்த வழி: அந்த இடத்தில் 'அவே' (இருந்தது) என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் நின்றால் கோடு வேண்டாம். நிற்காவிட்டால் இறங்குகோடு போடுங்கள். 'பால்மியே அவே உயில்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் அங்கே கோடு. 'ஊ'வும் அப்படித்தான்: 'அல்லது' என்று மாற்றலாமானால் கோடு இல்லை, 'எங்கே' என்றால் யூ மேல் இறங்குகோடு. யூ மேல் இறங்குகோடு வருவது பிரெஞ்சு மொழியிலேயே அந்த ஒரு சொல்லில்தான்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு கிராமலெக்ட் அல்லது லாங்குவேஜ்டூல் என்ற இலக்கணத் திருத்தியில் ஒருமுறை ஓட்டுங்கள். இந்த ஏ-க் குழப்பங்களில் பலவற்றை அவை பிடித்துக் காட்டும். ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

பட்டறைக்கிராணி | வியாழன், இரவு 8:30

ஐந்து நாள் பழகிவிட்டு வருகிறேன். கனடா விசைப்பலகை, 140 சொல் பட்டியல், இரண்டு ஈ விதி, கடைசி ஈயும் ஒற்றை ஏ-யும் கையால். இன்று ஒன்றரைப் பக்க விலைப்பட்டியல் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. முன்பு மூன்று மணி நேரம். லாங்குவேஜ்டூல் இரண்டு இடத்தைக் காட்டியது. ஒன்று உண்மையிலேயே என் பிழை, 'லிவ்ரே' (ஒப்படைக்கப்பட்டது) என்று வர வேண்டியது கோடில்லாமல் 'லிவ்ர்', புத்தகம் என்று நின்றது.

புதுத் தகடு வாசகத்தை எந்தக் கருவியிலும் போடவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, செதுக்குகிற அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் பச்சைக்குப் பக்கத்தில் 'ஓடு' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுல கோடு இல்லை, அதுல கூரை இருக்கு, சரியாம்மா?" என்று கேட்டுக்கொண்டுதான் வெட்டத் தொடங்கினார்.

பட்டியல் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

புதுவைத்தம்பி | வியாழன், இரவு 9:15

அக்கா, ஒன்று விட்டுப்போயிற்று. கூலிக்கு 'மேன் தவ்ர்' என்று எழுதுவீர்களே, அதில் ஓ-வும் ஈ-யும் ஒட்டி ஒரே எழுத்தாக வர வேண்டும். பழைய ஐஎஸ்ஓ 8859-1 எழுத்துத் தொகுப்பில் அந்த எழுத்தே இல்லாமல் போனதால் பலர் பிரித்தே எழுதுகிறார்கள். பட்டியலில் போட்டுவிடுங்கள், குழப்பமே வராது. ஆனால் ஓ-ஈ எங்கே வந்தாலும் ஒட்டு என்று விதி வைக்காதீர்கள், எலும்பு மஜ்ஜைக்கான சொல்லில் அவை ஒட்டாது.

பட்டறைக்கிராணி | வியாழன், இரவு 9:22

சேர்த்துவிட்டேன் தம்பி. 141.